# என்று தொடங்கும் வரி

நிலக்சனாவின் செவ்வாய்
நாலாம் வீட்டில் இருக்கவில்லை.
மூன்றில்தான் இருந்தது.
மல்லாவி ஆஸ்பத்திரிச் சுவர் மணிக்கூட்டில்
இரவு பதினொன்று நாற்பத்தைந்துக்குப் பிறந்தவளை
என் மடிக்கணினி
அரை மணித்தியாலம் முந்திப் பிறக்கவைத்தது.
தரகர் கடுதாசியை மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிழை சாதக மென்பொருளில் இல்லை.
அது கூப்பிடுகிற இன்னொரு நிரலில்,
உலகத்து நேரமெல்லாம்
ஊர் ஊராய் அடுக்கிவைத்த ஒரு கோப்பில்,
ஆரும் எடுக்கலாம் ஆரும் திருத்தலாம் என்று
திறந்து கிடக்கிற கோப்பில்.
இலங்கைக்கு அங்கே ஒரே பெயர்: கொழும்பு.
தொண்ணூற்றாறு ஒக்டோபர் தொடங்கி
இரண்டாயிரத்து ஆறு சித்திரை வரை
ஆறு மணித்தியாலம் என்றிருந்தது.

சரிதான், கொழும்புக்கு.
அது முள்ளைத் திருப்பியபோது
வன்னி திருப்பவில்லை.
எங்களுக்கு ஐந்தரை.

நெல் சங்கத்துக் கணக்கை மூடிவிட்டு
மூன்று இரவு இருந்தேன்.
பதினொரு வரி, ஒரு புது வலயம்.
அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே
ஒரு இரவு போயிற்று.
மின்சாரம் போய் வந்த இடைவெளியில்
அனுப்பிவிட்டேன்.

மிலோஷ் என்று ஒருவர் பதில் எழுதினார்.
பதினான்கு வருசமாய்ச் சம்பளமில்லாமல்
அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்பவர்.
நன்றி என்று தொடங்கி மூன்று கேள்வி:
எல்லை எங்கே ஓடியது?
எந்தத் திகதி முதல்?
எழுத்தில் ஆதாரம் உண்டா?

எல்லை எங்கே ஓடியது.
எந்த மாதத்து எல்லை, மிலோஷ்?
சில மாதம் மாங்குளத்துக்கு அங்கால்,
சில மாதம் இங்கால்.
நாங்கள் ஓடினோம்.
அது பின்னால் வந்தது.

இதை எழுதி, அழித்தேன்.

பஸ் ஓடின யோகராசாவிடம் போனேன்.
"ஓமந்தையில சோதனை முடிஞ்சு ஏறினால்
எல்லாரும் மணிக்கூட்டைத் திருப்புவினம்.
நான் திருப்பமாட்டன்.
ரண்டு கை, ரண்டு மணிக்கூடு."
ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.
மற்றக் கைச் சட்டை
முழங்கைக்குக் கீழே மடித்துக் குத்தியிருந்தது.
இதை எந்த இணைப்பில் வைத்து அனுப்புவது?

பள்ளிக்கூட நேரசூசி இல்லை.
ஆஸ்பத்திரிப் பதிவேடு இல்லை.
கடைசியில் கிடைத்தது
ஒரு கலியாணக் காட்.
கிளிநொச்சி, இரண்டாயிரத்து மூன்று, ஆவணி.
முகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டு,
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
பழைய நேரம்.
இறைச்சிக் கறி பட்ட மூலையை மறைத்துப்
படமெடுத்து அனுப்பினேன்.

மிலோஷ் இரண்டு நாள் பேசவில்லை.
பிறகு எழுதினார்:
நம்புகிறேன். ஆனாலும் வலயம் ஆக்கமுடியாது.
எல்லை இல்லாததைப் பெயரிட்டால்
கோடிக்கணக்கான கைபேசிகள் அதைத் தேடும்.
குறிப்பாக ஒரு வரி சேர்க்கலாம்.

குறிப்பு என்றால்
முன்னால் வேலிக்கம்பு மாதிரி ஒரு குறி.
அதைக் கண்டால்
இயந்திரம் அந்த வரியை வாசிக்காமல் தாண்டும்.

மடிக்கணினியை அடித்து மூடினேன்.
அடுத்த நாள் உரம் வந்தது.
நூற்றிருபது பேர் வரிசை,
நூற்றிருபது துண்டு.
பின்னேரம், கை உர மணத்தோடேயே
திறந்து எழுதினேன்.

"எங்கள் நேரம்" என்று எழுதியிருந்தேன்.
ஆருடைய? என்று கேட்டார்.
நியாயமான கேள்விதான்.
"வன்னியில் அப்போது இருந்தவர்கள்
மாற்றத்தை ஏற்கவில்லை;
ஐந்தரையிலேயே இருந்தார்கள்."
"இருந்தார்கள்" என்பதை
நான் மூன்றுமுறை வாசித்தேன்.
அவர் ஒரு காற்புள்ளியை மாற்றிச்
சேர்த்துக்கொண்டார்.

பதிவில் என் பெயர்.
பெயருக்கு அருகில், ஆரும் கேளாமலே,
இயந்திரம் தானாகப் போட்டுக்கொண்ட
+0530.

நிலக்சனாவுக்குக் காட்டினேன்.
"இது என்ன செய்யும் அக்கா?"
"ஒண்டும் செய்யாது."
"அப்ப என்ர செவ்வாய்?"
"மிசினுக்கு இன்னும் நாலிலதான்.
கையால திருத்தித் தரட்டே?"

அவள் அவசரமாய்ச் சொன்னாள்:
"வேண்டாம், விடுங்கோ.
எனக்கு அந்தப் பெடியனைப் பிடிக்கேல்லை."